கூரையில் விளையும் மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சூரிய மின்தகடுகள் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைத் தொடர்ந்து வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். வீட்டுக் கூரையில் உற்பத்தியாகி மிஞ்சும் மின்சாரத்துக்குச் சிங்கப்பூரில் என்ன விலை கிடைக்கும் என்பதே பெரும்பாலான கடிதங்களின் மையம் என்பதால், அதையொட்டிய கேள்விகளை மட்டும் இவ்விதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சிராங்கூன் கார்டன்ஸில் எங்கள் வரிசை வீட்டின் கூரையில் 10 கிலோவாட் திறனுள்ள தகடுகளைப் பொருத்த ஒரு நிறுவனம் 18,000 வெள்ளி கேட்கிறது. மாதம் ஏறத்தாழ 1,000 யூனிட் உற்பத்தியாகும், மாதம் 294 வெள்ளி மிச்சமாகும், ஐந்தே ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார்கள். நாங்கள் மாதம் 900 யூனிட் பயன்படுத்துகிறோம். இந்தக் கணக்கை நம்பலாமா?

உற்பத்திக் கணக்கை நம்பலாம். நிழல் விழாத கூரையில் ஒரு கிலோவாட் திறனுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் கிடைப்பது சிங்கப்பூரில் இயல்பானதுதான். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், கூரை கிழக்கு நோக்கியிருந்தாலும் மேற்கு நோக்கியிருந்தாலும் விளைச்சலில் பெரிய வேறுபாடு இராது. ஆனால் மிச்சமாகும் தொகையைப் பற்றிய கணக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு என்ற அனுமானத்தில் போடப்பட்டிருக்கிறது. இங்குள்ள விதிமுறைப்படி அது சரியல்ல.

உங்கள் கூரை தரும் மின்சாரம் இரண்டு வகையாகப் பிரிகிறது. பகலில் தகடுகள் உற்பத்தி செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவை இழுத்துக்கொள்ளும் மின்சாரம் முதல் வகை. அது மீட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை; எனவே அந்த யூனிட்டுக்கு நீங்கள் மின்விநியோக நிறுவனமான எஸ்பி குழுமத்துக்குக் கட்டியிருக்க வேண்டிய முழுக் கட்டணமும், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் மிச்சமாகின்றன. வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சி, மீட்டர் வழியே மின்கட்டமைப்புக்குள் செல்வது இரண்டாம் வகை. காலாண்டுக்கு ஒருமுறை நிர்ணயமாகும் ஒழுங்குமுறைக் கட்டணத்தில் எஸ்பி குழுமத்திடமிருந்து மின்சாரம் வாங்கும் வீடுகளுக்கு, எரிசக்திச் சந்தை ஆணையம் வகுத்துள்ள எளிமைப்படுத்தப்பட்ட வரவு முறையின்கீழ், அந்தக் காலாண்டுக் கட்டணத்திலிருந்து மின்கம்பிவடக் கட்டமைப்புக்கான பங்கைக் கழித்துவிட்டு, எஞ்சிய விலையே இந்த இரண்டாம் வகைக்கு வரவு வைக்கப்படுகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வீடுகளுக்கான கட்டணம், வரிக்கு முன், யூனிட்டுக்கு 27.47 காசு. கணக்கு எளிதாக இருக்க 27 காசு என்றும், அதில் கட்டமைப்புக்கான பங்கு 7 காசு என்றும் வைத்துக்கொள்வோம். நீங்களே பயன்படுத்தும் யூனிட்டின் மதிப்பு வரியோடு சேர்த்து 29.4 காசு, வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பு 20 காசு. பகலில் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பம் என்று வைத்து, 1,000 யூனிட்டில் 350 யூனிட்டை நீங்களே செலவழிப்பதாகக் கொண்டால் அதில் 103 வெள்ளி மிச்சம். ஏனைய 650 யூனிட்டுக்கு 130 வெள்ளி வரவு. ஆக மொத்தம் 233 வெள்ளி. நிறுவனம் சொல்லும் 294 வெள்ளி, 1,000 யூனிட்டையும் 29.4 காசால் பெருக்கியதில் வந்த தொகை. போட்ட பணம் திரும்ப ஐந்து ஆண்டுகளுக்குப் பதில் ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் ஆகும். தகடுகளுக்குப் பொதுவாக 25 ஆண்டுகளுக்குச் செயல்திறன் உத்தரவாதம் தரப்படுகிறது என்பதால் ஆறரை ஆண்டுகள் என்பதும் மோசமான கணக்கல்ல. இடையில், தகடுகளின் மின்சாரத்தை வீட்டுச் சாதனங்களுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற நேரிடலாம் என்பதையும், தகடுகளின் திறன் ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவுக்குக் குறைந்துவருவதையும் செலவுப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 7 காசு ஏன் கழிக்கப்படுகிறது என்று மனத்தாங்கல் கொள்வோர் உண்டு. உங்கள் வீட்டு மிச்சம் அண்டை வீட்டுக்குப் போவதும் நிலத்தடி மின்வடங்கள் வழியேதான். சூரியன் மறைந்த பிறகு நீங்கள் மின்சாரம் பெறுவதும் அதே மின்வடங்கள் வழியேதான். அவற்றையும் துணை மின்நிலையங்களையும் பராமரிக்கும் செலவைத் தகடு வைத்திருப்பவர் தவிர்த்துவிட்டால், அந்தச் சுமை தகடு வைக்கக் கூரையே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பாளர் தலையில் விழும். இந்த நாட்டில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்கள் என்பதை நினைவில் கொண்டால், கழிவு நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தகடுகள் வந்த பிறகு செய்யக்கூடிய ஒன்று, இரவுச் செலவைப் பகலுக்கு மாற்றுவது. நீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்கும் கொதிகலன் உங்கள் வீட்டில் இருந்தால், அதை இரவு எட்டு மணிக்குப் பதில் பகல் பன்னிரண்டு மணிக்கு இயங்குமாறு நேரங்காட்டி வைத்து அமைத்துவிடுங்கள்; சலவையையும் முற்பகலுக்குத் தள்ளுங்கள். இப்படி மாதம் 150 யூனிட் இடம் மாறினால், ஒவ்வொன்றிலும் 9.4 காசு வீதம் 14 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கும். பெரிய தொகை இல்லைதான், என்றாலும் அதற்கு எந்தச் செலவும் இல்லை.

திறந்த மின்சாரச் சந்தையில் ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்திடம் யூனிட்டுக்கு 2 காசு குறைவாக வாங்கிக்கொண்டிருக்கிறோம். தகடுகள் பொருத்திய பிறகும் அப்படியே தொடரலாமா? (வாசகி, ஓப்பரா எஸ்டேட்)

தகடுகளின் விலையைப் பேரம் பேசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது. ஆனால் பெரும்பாலோர் எல்லாம் முடிந்த பிறகே கேட்கிறார்கள். நீங்கள் யாரிடமிருந்து மின்சாரம் வாங்குகிறீர்கள் என்பதே நீங்கள் விற்கும் மின்சாரத்தின் விலையையும் தீர்மானிக்கிறது.

மேலே சொன்ன 20 காசு, எஸ்பி குழுமத்தின் ஒழுங்குமுறைக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு உரியது. சில்லறை நிறுவனத்துக்கு மாறிய வீடுகள் அந்த முறைக்குள் வரமாட்டா. அவர்களுக்கென மேம்படுத்தப்பட்ட மைய இடைநிலைத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் உங்கள் உபரி, மொத்த மின்சாரச் சந்தையில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிர்ணயமாகும் விலையில் வாங்கப்படுகிறது. ஒரு நாளில் 48 அரை மணி நேரங்கள், 48 விலைகள். நாட்டில் சூரிய மின்சாரம் அதிகரிக்க அதிகரிக்க, எல்லாக் கூரைகளும் ஒரே வேளையில் உற்பத்தி செய்யும் நண்பகலில் விலை தாழ்வதே சந்தையின் இயல்பு. எரிவாயு விலை ஏறினாலோ மின்நிலையங்கள் பழுதுபட்டாலோ விலை திடீரென உயர்வதும் உண்டு.

முதல் கேள்வியில் வந்த குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் 900 யூனிட்டில் 350 யூனிட்டைத் தகடுகள் தந்துவிட்டதால், வெளியிலிருந்து வாங்குவது 550 யூனிட். அதில் 2 காசு தள்ளுபடி என்றால், வரியோடு சேர்த்து மாதம் 12 வெள்ளி மிச்சம். மறுபுறம், பகல் நேர மொத்தச் சந்தை விலை சராசரியாக 12 காசு என்று கொண்டால், 650 யூனிட் உபரிக்கு 130 வெள்ளிக்குப் பதில் 78 வெள்ளிதான் வரும். பன்னிரண்டு வெள்ளி தள்ளுபடிக்காக 52 வெள்ளி வரவை விட்டுக்கொடுத்ததாகும். 12 காசு என்பது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண். உண்மை விலை மாதத்துக்கு மாதம் மாறும், சில மாதங்களில் 20 காசையும் தாண்டலாம். ஆயினும் உபரியை அதிகமாக அனுப்பும் வீடு, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஒழுங்குமுறைக் கட்டணத்துக்குத் திரும்புவதே பெரும்பாலும் ஆதாயம். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் அபராதம் உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் எல்லாக் குளிர்சாதனங்களும் ஓடும், உபரி என்று ஏதும் மிஞ்சாத வீடாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே விற்பனை விலை எதுவானால் என்ன? மலிவாக வாங்குவதே லாபம். சில்லறை நிறுவனத்திடமே தொடர விரும்புவோர், கூரை முழுவதையும் தகடுகளால் நிரப்பாமல், பகல் நேரத் தேவையின் அளவுக்கு மட்டும் பொருத்திக்கொள்வது நல்லது. எஸ்பி குழுமத்திடம் வாங்குவோருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. கூடுதலாகப் பொருத்தும் ஒவ்வொரு கிலோவாட்டும், முழுவதும் வெளியே போனாலும்கூட, ஆண்டுக்குச் சுமார் 240 வெள்ளி ஈட்டித் தருகிறது.

மதுரையில் இருக்கும் என் தம்பிக்குச் சூரியத் தகடுகள் வைக்க அரசாங்கம் 78,000 ரூபாய் மானியம் கொடுத்தது. மிஞ்சும் மின்சாரத்தை யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்கிறார்கள். ஜோகூரில் இருக்கும் மைத்துனர் வீட்டிலும் அப்படித்தான். சிங்கப்பூரில் மட்டும் ஏன் இப்படிக் கறாராக இருக்கிறார்கள்?

உங்கள் தம்பி பெற்றது 2024 பிப்ரவரியில் இந்திய ஒன்றிய அரசு தொடங்கிய பிஎம் சூர்யா கர் திட்டத்தின் மானியம். 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு அமைப்புகளுக்கு மொத்தம் 78,000 ரூபாயும் அதில் வழங்கப்படுகின்றன. மலேசியாவில் 2021-இல் தொடங்கிய என்இஎம் 3.0 திட்டத்தின் வீட்டுப் பிரிவில், உபரி யூனிட்டுகள் 10 ஆண்டுகளுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கழிக்கப்படும். உங்கள் மைத்துனர் உரிய காலத்தில் சேர்ந்துகொண்டார். அத்திட்டத்துக்கான புதிய விண்ணப்பங்கள் 2025 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டன.

நெட் மீட்டரிங் எனப்படும் இந்த ஒன்றுக்கு ஒன்று முறை, தகடுகளின் விலை மிக அதிகமாக இருந்த காலத்தில் மக்களை இழுப்பதற்காகப் பல நாடுகள் கையாண்ட வழி. தகடுகள் மலிந்து, கூரைகள் நிரம்பியதும், அதைச் சுருக்கிக்கொள்ளும் நிலைக்கு அவற்றில் சில வந்திருக்கின்றன. அமெரிக்காவில் இம்முறையை முன்னின்று நடத்திய கலிஃபோர்னியா மாநிலமே, 2023 ஏப்ரல் முதல் புதிதாகச் சேருவோருக்கு உபரியின் விலையைப் பெருமளவு குறைத்துவிட்டது. பழைய பயனாளருக்கு ஒரு விலை, புதியவருக்கு வேறு விலை என்று ஒரே தெருவில் இரண்டு நியாயங்கள் நிலவுவதன் சங்கடத்தை அங்குள்ளவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் அந்தப் பாதையில் இறங்கவே இல்லை. மின்சார உற்பத்திக்கு, எந்தத் தொழில்நுட்பமாயினும், மானியம் கொடுப்பதில்லை என்பது நெடுநாள் கொள்கை. அதற்குப் பதிலாக, கரிம வரி ஏற்றப்பட்டு வருகிறது: 2024, 2025 ஆண்டுகளில் டன் கரிம வெளியேற்றத்துக்கு 25 வெள்ளி, 2026 முதல் 45 வெள்ளி. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், இந்த வரியின் ஒரு பகுதி மின்கட்டணத்தில் பிரதிபலிக்கிறது. கட்டணம் உயர உயர உங்கள் கூரை மின்சாரத்தின் மதிப்பும் உயர்கிறது. கையில் ரொக்கமாகக் கிடைக்கும் மானியத்தின் மகிழ்ச்சி இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி மாறிவிடுமோ என்ற அச்சமும் குறைவு.

நாங்கள் பொங்கோலில் வீவக வீட்டில் இருக்கிறோம். எங்கள் புளோக்கின் கூரை முழுவதும் தகடுகள். எங்கள் பில்லில் ஏன் ஒரு காசும் குறையவில்லை?

அந்தத் தகடுகள் 2014-இல் தொடங்கப்பட்ட சோலார்நோவா திட்டத்தின்கீழ் பொருத்தப்பட்டவையாக இருக்கலாம். அத்திட்டத்தில் தகடுகள் தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம். நகர மன்றம் அவற்றின் மின்சாரத்தை விலை கொடுத்து வாங்கி, பகலில் மின்தூக்கிகள், நீரேற்றிகள் போன்ற பொதுச் சேவைகளுக்குப் பயன்படுத்துகிறது. மிஞ்சுவது மின்கட்டமைப்புக்குச் செல்கிறது. உங்கள் வீட்டு மீட்டருக்கும் கூரைக்கும் இணைப்பு இல்லை. பயன் உங்களை வந்தடைவதாக இருந்தால், அது நகர மன்றத்தின் மின்செலவு மட்டுப்படுவதன் வழியாகத்தான். புளோக்கின் கூரை பொது இடம் என்பதால், தனி வீட்டுக்காரர் அங்கே தகடு வைக்கவும் வழியில்லை.

முன்பணமே வேண்டாம், 20 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போதும் என்று ஒரு விற்பனையாளர் வீடு தேடி வருகிறார். கையெழுத்திடலாமா? (வாசகர், செம்பவாங்)

இத்தகைய ஒப்பந்தங்களில் தகடுகள் அவர்களுடையவை. அவை தரும் மின்சாரத்தை நீங்கள் குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறீர்கள். அடிப்படையில் தவறான ஏற்பாடு அல்ல. கையில் 18,000 வெள்ளி இல்லாதவருக்கு அது ஒரு வழிதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: நீங்கள் பயன்படுத்தும் யூனிட்டுக்கு மட்டும் பணமா, அல்லது கூரையில் உற்பத்தியாகும் எல்லா யூனிட்டுக்குமா?

உற்பத்தியாகும் எல்லாவற்றுக்கும் யூனிட்டுக்கு 21 காசு என்று எழுதியிருந்தால், நீங்கள் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் 21 காசுக்கு வாங்கி 20 காசுக்கு விற்றதாகும். வேலைக்குப் போகும் குடும்பத்தில் பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடந்தால், உபரி அதிகம். நட்டமும் அதற்கேற்ப அதிகம். உபரிக்கான வரவு எஸ்பி குழுமத்தின் கணக்கில் உங்கள் பெயரில் வரும் என்பதால், அந்த வரவு யாருக்கு உரியது என்பதையும் ஒப்பந்தம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் விலை ஏறும் விதி இருக்கிறதா, வீட்டை விற்றால் வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்க மறுக்கும்போது என்ன ஆகும், கூரை ஒழுகினால் தகடுகளை இறக்கி ஏற்றும் செலவு யாருடையது ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். விற்பனையாளர் வாய்மொழியாகத் தரும் உறுதி ஒப்பந்தத்தில் இடம்பெறாவிட்டால் அதற்கு மதிப்பில்லை.

பக்கத்து வீடு ஒரு மாடியா என்பதையும் ஒருமுறை பாருங்கள். அதை இடித்து மூன்று மாடியாகக் கட்டினால் உங்கள் தகடுகளின் மீது நிழல் விழும். உற்பத்தி குறைந்தால் ஒப்பந்தத்தில் உங்களுக்கு என்ன பொறுப்பு என்று அப்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

மின்தடை ஏற்பட்டால் சூரிய மின்சாரத்தில் வீட்டை ஓட்டலாம்தானே? மின்கலனும் சேர்த்து வாங்கலாமா?

மின்கலன் இல்லாத சாதாரண அமைப்பு, மின்தடையின்போது வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். கம்பிவடங்களில் பழுது பார்ப்பவர் மீது உங்கள் கூரை மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கட்டமைப்பில் மின்சாரம் இல்லை என்று அறிந்த கணமே இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் ஒரு வாடிக்கையாளர் சந்திக்கும் மின்தடை ஆண்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்காக மின்கலன் வாங்குவது வீண்.

பணத்துக்காக வாங்கலாமா என்றால், 20 காசுக்கு விற்றிருக்கக்கூடிய யூனிட்டைச் சேமித்து 29.4 காசுச் செலவைத் தவிர்ப்பதில் கிடைப்பது யூனிட்டுக்கு 9.4 காசு. நாளுக்கு 10 யூனிட் சேமித்தாலும் ஆண்டுக்கு 343 வெள்ளிதான். சேமித்து எடுப்பதில் ஏற்படும் இழப்பை அதிலும் கழிக்க வேண்டும். உங்களிடம் சொல்லப்பட்ட மின்கலன் விலையை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று கழிக்கும் நாடுகளில் இந்த 9.4 காசும் கிடைக்காது என்பது வேறு விஷயம். உபரியை மொத்தச் சந்தை விலைக்கு விற்பவர்களுக்கு இடைவெளி அதிகம் என்பதால், அவர்கள் மட்டும் மீண்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் கோயில் நிர்வாகக் குழு மண்டபக் கூரையில் தகடுகள் வைக்க யோசிக்கிறது. வீட்டுக்கான விதிகளே கோயிலுக்கும் பொருந்துமா?

1 மெகாவாட்டுக்குக் குறைந்த அமைப்பு என்பதால் மின் உற்பத்தி உரிமம் தேவைப்படாது. கட்டமைப்போடு இணைக்கும் விண்ணப்பத்தை, வீடுகளைப் போலவே, உரிமம் பெற்ற மின்பணியாளர் வழியாகச் செய்ய வேண்டும். கோயில் தற்போது யாரிடம் மின்சாரம் வாங்குகிறது என்பதைப் பொறுத்து, மேலே சொன்ன இரண்டு முறைகளில் ஒன்று பொருந்தும். கடந்த ஓராண்டு மின்கட்டண பில்களோடு, மீட்டரின் அரை மணி நேரப் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். அன்னதானச் சமையல் நடக்கும் முற்பகலும், மண்டபத்தில் திருமணம் நடக்கும் வாரயிறுதியும் தகடுகளுக்கு ஏற்றவை. திருவிழா விளக்குகள் எரிவதோ இரவில். அந்தச் செலவைத் தகடுகள் நேரடியாகத் தாங்கா.

இராஜகோபுரமும் விமானமும் எந்த மணிக்கு எங்கே நிழல் வீழ்த்துகின்றன என்பதை நிறுவனத்தார் நேரில் வந்து அளந்து காட்ட வேண்டும். செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்துத் தரும் விலைப்பட்டியலை ஏற்காதீர்கள். தேசியச் சின்னமாகவோ பாதுகாக்கப்பட்ட கட்டடமாகவோ உங்கள் கோயில் அறிவிக்கப்பட்டிருந்தால், அதற்குரிய அமைப்பின் அனுமதி கிடைக்கும் வரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். அடுத்த கும்பாபிஷேகத் திருப்பணிக்குச் சாரம் கட்டும் ஆண்டு நெருங்கியிருந்தால், தகடுகளை அதற்குப் பிறகு பொருத்திக்கொள்ளுங்கள். இறக்கி ஏற்றும் செலவு மிச்சமாகும்.